தெரு வடிகாலில் எதை விடலாம், எதை விடக்கூடாது: கடலூரில் வீடு கட்டுபவருக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும். கடலூர் மாநகராட்சி எல்லைக்குள் 1200 சதுர அடியில் வீடு கட்டுகிறீர்கள். மாடியில் விழும் மழைத்தண்ணீர் முழுவதும் நேராகத் தெரு வடிகாலுக்குப் போகும்படி மேஸ்திரி குழாய் போட்டுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் செப்டிக் டேங்க் வழிநீரை அதே வடிகாலில் விட்டிருக்கிறார், மனையையும் இரண்டடி உயர்த்திவிட்டார். தெருமுனை ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆயில் கலந்த தண்ணீரும் அதில்தான் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் எல்லாம் சேர்ந்து பொங்கி உங்கள் மனைக்குள் வருகிறது, யாரிடம் சொல்வது? நான்கைந்து கேள்விபோலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அந்த வடிகால் எதற்காகக் கட்டப்பட்டது, அதற்குள் போக எதற்கு உரிமை உண்டு?

மழைநீர் வடிகாலுக்குள் போக உரிமை உள்ளது மழைநீர் மட்டும்தான். அதிலும் உங்கள் மனைக்குள் இறங்கியது போக மிஞ்சியது மட்டும். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. இப்போது 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, நீங்கள் அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடத்திலேயே அது இருக்க வேண்டும். உங்கள் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், ஒரு மூலையில், மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் கசிவுக்குழி ஒன்று வரைந்திருக்கும். வரைந்ததைக் கட்டாமல் குழாயைத் தெருவுக்குத் திருப்பியிருந்தால், அனுமதி வாங்கிய வரைபடத்துக்கு மாறாகக் கட்டுகிறீர்கள் என்று பொருள். பூச்சு வேலை முடிவதற்குள் மாற்றிவிடுங்கள், செலவு குறைவு.

அளவு தெரிந்தால்தான் வேலை சரியாக வரும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 1200 சதுர அடி என்பது ஏறக்குறைய 111 சதுர மீட்டர். மணிக்கு 50 மில்லிமீட்டர் என்று அடிக்கும் மழையில் உங்கள் மாடியிலிருந்து ஒரு மணி நேரத்தில் சுமார் 5500 லிட்டர் இறங்கும், அதாவது நொடிக்கு ஒன்றரை லிட்டர். 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அதே மழை உங்கள் மாடியில் விழுந்தால் 53,000 லிட்டருக்கு மேல். எந்தக் குழியும் அதை வாங்காது. சாதாரண மழையை மனைக்குள் பிடிப்பதும், பெருமழையில் மிஞ்சுவதை ஒழுங்காக வெளியேற்றுவதும்தான் குழியின் வேலை. இன்னொன்று: மணிக்கு 50 மில்லிமீட்டர் மழைக்கு ஒரு 4 அங்குலக் குழாய் சுமார் 85 சதுர மீட்டர் மாடிக்குத்தான் போதும். உங்கள் மாடிக்கு இரண்டு இறங்குகுழாய் வேண்டும். ஒன்றோடு நிறுத்தியிருந்தால் மாடியில் தண்ணீர் தேங்கி, கைப்பிடிச் சுவரின் அடியில் ஓதம் ஏறும்.

குழிக்கு மூன்றடி விட்டமுள்ள சிமென்ட் உறைகளைப் பத்தடி ஆழத்துக்கு இறக்கினால் வெற்றிடம் ஏறக்குறைய 2000 லிட்டர். இங்கே ஒரு தவறு வழக்கமாக நடக்கிறது: உறை முழுவதையும் ஜல்லியால் நிரப்பிவிடுவார்கள். ஜல்லிக்கு இடையில் இருக்கும் வெற்றிடம் 40 விழுக்காடுதான். 2000 லிட்டர் குழி 800 லிட்டராகச் சுருங்கிவிடும். அடியில் ஓரடிக்கு 40 மில்லிமீட்டர் ஜல்லி போதும். வடிகட்டியைத் தனியாக, குழாய்க்கும் குழிக்கும் நடுவில் இரண்டடிக்கு இரண்டடித் தொட்டியாகக் கட்டுங்கள்: கீழே 40 மில்லிமீட்டர் ஜல்லி, நடுவில் 20 மில்லிமீட்டர் ஜல்லி, மேலே பருமணல், மணலுக்கு மேல் ஒரு நைலான் வலை. ஆண்டுக்கு ஒருமுறை, ஆவணியில், மேல் மணல் நான்கு அங்குலத்தை அள்ளிக் கழுவிப் போடலாம். முழுக்க நிரப்பிய குழி அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்ய வழியே கிடையாது. மூன்றாம் ஆண்டில் அது வெறும் மூடிதான். முதல் மழையின் அழுக்கை ஒதுக்க, இறங்குகுழாயின் அடியில் ஒரு வால்வு வைத்து முதல் நூறு லிட்டரைச் செடிகளுக்குத் திருப்பிவிடுங்கள். அது உங்கள் மாடிக்கு ஒரு மில்லிமீட்டர் மழையின் அளவு. பறவை எச்சமும் தூசியும் பெரும்பாலும் அதோடு போய்விடும்.

கடலூருக்கு என்று ஒரு சிக்கல் உண்டு, பொதுவான கையேடுகளில் இது வராது. இங்கே ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. கெடிலம், தென்பெண்ணை, உப்பனாறு என்று மூன்று பக்கமும் ஆறு, கிழக்கே கடல். கார்த்திகையில் நிலத்தடி நீர் பல தெருக்களில் மூன்று நான்கு அடிக்கு ஏறிவிடும். அப்போது பத்தடிக் குழியில் ஏழடி ஏற்கெனவே தண்ணீர்தான். ஆகவே குழியின் விளிம்பிலிருந்து ஓரடி கீழே 4 அங்குல வழிகுழாய் ஒன்றை வைத்து, அதை மட்டும் தெரு வடிகாலோடு இணையுங்கள். வடிகால் நிரம்பும்போது தண்ணீர் திரும்பி வராமல் இருக்க அந்தக் குழாயின் வாயில் ஒருவழி மடல் வால்வு வேண்டும். மேலே களி, கீழே மணல் என்று மண் மாறும் இடங்களில் குழியின் நடுவில் 6 அங்குல போர் (ஆழ்துளை) போட்டு மணல் அடுக்கைத் தொடவைப்பார்கள், நல்ல முறைதான். ஆனால் அந்த போருக்குள் மாடித் தண்ணீர் மட்டும்தான் போகலாம். முற்றத்துத் தண்ணீரையோ தெருத் தண்ணீரையோ விட்டால், மண் வடிகட்ட வேண்டிய அழுக்கை நாமே குழாய் வைத்து நிலத்தடி நீரில் ஊற்றியதாகிவிடும். தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் உவர்நீர் உள்ளே ஏறிய இடங்களில், இப்படி இறங்கும் நல்ல தண்ணீர்தான் உப்பைக் கீழே அழுத்தி வைக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி செப்டிக் டேங்க். டேங்கிலிருந்து வழியும் தண்ணீர் தெளிந்ததுபோலத் தெரியும். கசடு மட்டும்தான் அடியில் தங்கியிருக்கிறது, கிருமிகள் பெரும்பாலும் அப்படியே வெளியே வருகின்றன. சட்டத்தின் கண்ணில் அது கழிவுநீர். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, மாசுப் பொருளை ஓடையிலோ கிணற்றிலோ நிலத்திலோ தெரிந்தே விடுவதைத் தடை செய்கிறது. உங்கள் தெரு வடிகால் போய்ச் சேருவது கெடிலத்திலோ உப்பனாற்றிலோதான். அலையேற்றம் எட்டும் ஆற்றுப்பகுதிக்கு 2019 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையும் பொருந்தும், சுத்திகரிக்காத கழிவை விடுவது அதிலும் தடை செய்யப்பட்டதே. பாதாளச் சாக்கடை வந்துவிட்ட தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் அதில்தான் இணைப்பு வாங்க வேண்டும், சாக்குச் சொல்ல இடமில்லை. மாறாக, மழைநீரைப் பாதாளச் சாக்கடையில் விடுவதும் தவறே. தெருவில் மூடி தூக்கிக்கொண்டு மலம் மிதப்பது பெரும்பாலும் இப்படிச் சேர்ந்த மழைநீரால்தான். உங்கள் மேஸ்திரி அந்தக் குறுக்குவழியைச் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பாதாளச் சாக்கடை வராத தெருவில்தான் சங்கடம். விதிப்படி டேங்கின் வழிநீர் உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டும். அந்தக் குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இரண்டு மூன்று சென்ட் மனைகள் ஒட்டி ஒட்டி இருக்கும் தெருவில் 18 மீட்டர் எங்கே கிடைக்கும்? மழைக்காலத்தில் உறிஞ்சுகுழி தண்ணீருக்குள் மூழ்கி, உறிஞ்சுவதையே நிறுத்திவிடும். அதனால்தான் ஆட்கள் குழாயை வடிகாலில் விடுகிறார்கள், நகராட்சிகளும் பல ஆண்டுகளாகக் கண்டும் காணாமல் இருந்திருக்கின்றன. ஆனால் பொறுத்துக்கொள்வது வேறு, அனுமதி வேறு. இந்த இடத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது, நடைமுறைதான் தெளிவில்லை. அண்டை வீட்டாரோடு சண்டைக்குப் போவதற்கு முன்னால் இதைச் சொல்லிப் பாருங்கள்: டேங்கை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற லாரியை வைத்துக் காலி செய்வது, டேங்கை அடுத்து 20 முதல் 40 மில்லிமீட்டர் ஜல்லி நிரப்பிய ஓர் அறை கட்டி, தண்ணீர் அடியிலிருந்து மேலே ஏறி வடியவைப்பது, உறிஞ்சுகுழியைத் தரைக்குக் கீழே தோண்டாமல், தரைக்கு மேல் மணல் மேடாக உயர்த்திக் கட்டுவது. ஐந்து பேர் குடும்பத்துக்கு இந்தியத் தரநிலைப்படி டேங்க் ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், தண்ணீர் ஆழம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். இதைவிடச் சின்ன உறைத்தொட்டியாக இருந்தால் அதில் எதுவும் தங்காது, வருவது அப்படியே போகும். டேங்கைச் சுத்தம் செய்ய ஆளை உள்ளே இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நச்சுக்காற்று ஒரு மூச்சில் ஆளை வீழ்த்திவிடும். அடுத்தவரைக் காப்பாற்ற இறங்குபவரும் சேர்ந்தே போகிறார்.

பக்கத்து வீட்டுக் குழாயில் வருவது உண்மையிலேயே கழிப்பறைத் தண்ணீர்தானா, குளியலறைத் தண்ணீரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மழையே பெய்யாத நாளில், காலை ஆறரை மணிக்கு வடிகால் ஓரம் நின்று அந்தக் குழாயின் வாயைப் பாருங்கள். வெளிறிய சாம்பல் நிறத்தில் நுரையோடு விட்டுவிட்டு வந்தால் குளியல், துணி துவைத்த தண்ணீர். மெல்லிய ஒழுக்காக, நுரையில்லாமல், அழுகிய முட்டை நாற்றத்தோடு, குழாயின் உதட்டில் கறுப்பு வழுவழுப்பு படிந்திருந்தால் செப்டிக் டேங்க். அதிகாரிகள் வந்தால் உள்ளே கழிப்பறையில் சாயப்பொடி கரைத்து ஊற்றி வெளியே பார்ப்பார்கள். டேங்குக்குள் தண்ணீர் ஒரு நாளாவது நிற்கும் என்பதால் சாயம் உடனே வராது. பத்து நிமிடத்திலேயே வந்துவிட்டால் நடுவில் டேங்கே இல்லை என்று பொருள். படம் எடுத்து வைப்பதானால் தேதி, நேரம் தெரிய, மழையில்லாத நாளில் எடுங்கள். மழை நாள் படத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது.

ஒர்க்‌ஷாப் விஷயம் சட்டப்படி எளிது. பழைய எஞ்சின் ஆயில், 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைத் தரையில் ஊற்றவே கூடாது. பீப்பாயில் சேர்த்து, பொதுவாக 90 நாளுக்குள், அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்க வேண்டும். வண்டி கழுவும் தண்ணீரை நீர்நிலைக்குப் போகும் வழியில் விடுவதானால், எண்ணெய்ப் பசை லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது மத்திய அரசின் பொதுத்தரம். மூன்று அறைத் தொட்டி ஒன்று கட்டினால் ஒரு சிறிய ஒர்க்‌ஷாப்பால் இதற்குக் கிட்டே வர முடியும்: முதல் அறையில் மண் தங்கும், இரண்டாவதில் ஆயில் மேலே மிதக்கும், அடியில் இருக்கும் துளை வழியாகத் தண்ணீர் மட்டும் மூன்றாவதுக்குப் போகும். அரை மணி நேரமாவது தண்ணீர் உள்ளே நிற்க வேண்டும். இது தோற்பது இரண்டு காரணத்தால். சோப்புத்தூளைக் கொட்டிக் கழுவினால் ஆயில் பாலாகக் கரைந்து, மிதக்காமல் நேரே ஓடிவிடும். வாரம் ஒருமுறை மேலே படிந்ததை அள்ளாவிட்டால், ஒரு நல்ல மழை மொத்தத்தையும் வடிகாலுக்குத் தள்ளிவிடும். தொட்டிக்கு மேல் கூரையும் மழைநீர் உள்ளே வராத விளிம்பும் கட்டாயம் வேண்டும், இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கடைக்காரரிடம் பேசினால் கேட்பார் என்றால் முதலில் பேசுங்கள். பழைய ஆயிலுக்கு விலை உண்டு, ஊற்றுவது அவருக்கும் நட்டம்.

வடிகால் பொங்குவதற்குக் காரணம் கழிவு மட்டும் அல்ல. ஓரடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள ஒரு கான்கிரீட் வடிகாலை எடுத்துக்கொள்ளுங்கள்; சரிவு 500-க்கு 1, அதாவது 500 அடிக்கு ஓரடி இறக்கம். மேலே நான்கு அங்குலம் விட்டு ஓடினால் அது நொடிக்கு ஏறக்குறைய 70 லிட்டர் கொண்டுபோகும். அடியில் அரை அடி வண்டல் படிந்தால் 35 லிட்டர்தான். அரை அடி வண்டலுக்குப் பாதி வடிகால் போய்விடுகிறது. வண்டல் எங்கிருந்து வருகிறது? தெருவில் குவித்த எம்-சாண்ட், ஜல்லித்தூள், கலவை கழுவிய தண்ணீர். உங்கள் வீட்டு வேலையும் இதில் சேரும். சிமென்ட் கழுவிய தண்ணீர் வடிகாலின் அடியில் இறுகி, மண்வெட்டிக்கும் பெயராது. கட்டுமானக் கழிவைச் சாலையிலும் வடிகாலிலும் போடுவதற்கு 2016-இல் வந்த கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகள் தொடங்கித் தடை இருக்கிறது. மணலைச் சுற்றி ஒரு வரிசை மணல் மூட்டை, மேலே தார்ப்பாய், கலவை கழுவ மனைக்குள் ஒரு குழி, இவ்வளவுதான் தேவை. அடுத்தவர்மேல் புகார் கொடுப்பதற்கு முன்னால் நம் வாசலில் இதைச் செய்துவிட வேண்டும். விசாரிக்க வருபவர் முதலில் பார்ப்பது புகார் கொடுத்தவரின் வாசலைத்தான்.

வாசல் சரிவுக்காக வடிகாலை மொத்தமாகக் கான்கிரீட் போட்டு மூடுவதும் தெருவைக் கெடுக்கிறது. அந்த இடத்தில் தூர்வார முடியாது, குப்பை அங்கேதான் சிக்கும். எடுத்து வைக்கக்கூடிய சிலாப்புகளாகப் போடுங்கள்: மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், மூன்று அங்குலக் கனம் என்றால் ஒன்றின் எடை 75 கிலோ சொச்சம், இரண்டு பேர் தூக்கிவிடலாம். கார் ஏறும் இடத்துக்குக் கனத்தையும் கம்பியையும் கூட்ட வேண்டும்.

சரிவு இருக்கிறதா என்று பார்க்க மேஸ்திரியின் டியூப் லெவலே (தண்ணீர் நிரப்பிய நீண்ட குழாய்) போதும். தெருவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் தண்ணீர்மட்டத்திலிருந்து வடிகாலின் அடிவரை அளந்தால், நூறு மீட்டருக்கு 20 சென்டிமீட்டராவது இறங்கியிருக்க வேண்டும். நடுவில் எங்காவது ஏறியிருந்தால் எத்தனை முறை தூர்வாரினாலும் அங்கே நிற்கும். ஆற்றுமுகம் அடைத்திருந்தாலோ, வெள்ளமும் கடலேற்றமும் ஒரே நேரத்தில் வந்தாலோ, சரியான வடிகாலும் வடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததுபோன்ற நாளில் தெரு வடிகாலைக் குறை சொல்லிப் பயனில்லை. உங்கள் தெரு எந்த வகை என்று நேரில் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. மழை நின்று எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்று குறித்து வையுங்கள். இரண்டு மூன்று மணியில் வடிந்தால் கொள்ளளவுக் குறை, மறுநாளும் நின்றால் அடைப்போ சரிவுக்குறையோ.

பக்கத்து மனை உயர்ந்தது பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சமே. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, மேட்டு நிலத்தில் விழுந்து இயல்பாக ஓடிவரும் தண்ணீரைப் பள்ளத்து நிலக்காரர் மறிக்கக் கூடாது என்கிறது. ஆனால் மண் கொட்டி உண்டாக்கிய மேட்டின் தண்ணீரையும், குழாய் வைத்துக் குவித்து விடும் மாடித் தண்ணீரையும் இயல்பான ஓட்டம் என்று சொல்ல முடியாது. பழைய ஓட்டம் எந்தப் பக்கம் இருந்தது என்ற சான்றை வைத்துத்தான் உரிமையியல் நீதிமன்றம் முடிவு செய்யும். அந்தக் காலம், செலவை நினைத்தால், எல்லையில் உங்கள் பக்கம் ஓர் ஒன்பது அங்குல வாய்க்கால் எடுத்துத் தெருப்பக்கம் திருப்புவதே நல்லது என்பது என் கருத்து.

புகாருக்கு முன்னால் வடிகால் யாருடையது என்று தெரிய வேண்டும். தெரு வடிகால் மாநகராட்சியுடையது. 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் 2023 விதிகளும் அதற்குப் பொருந்தும். நெடுஞ்சாலை ஓரத்து வடிகால் அந்தந்த நெடுஞ்சாலைத் துறையுடையது, ஆறும் பெரிய வாய்க்காலும் நீர்வளத் துறையுடையது. புலப்பட (நில அளவை வரைபட) நகலில் வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்து அதை யாராவது மறித்திருந்தால் வட்டாட்சியரிடம் போக வேண்டும்; 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் அதற்கானது. தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு மேசை மேசையாகப் போவதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும். செப்டிக் டேங்குக்கும் அடைப்புக்கும் மாநகராட்சி ஆணையருக்கும், ஆயிலுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் தனித்தனி மனு கொடுங்கள். ஒரு மனுவில் ஒரு குறை. கதவு எண், குழாய் விழும் இடம், தேதியிட்ட படம். ஒப்புகைச் சீட்டு கட்டாயம். பதில் இல்லையென்றால் 1100 எண்ணிலோ, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் நாளிலோ அந்த ஒப்புகையைக் காட்டிச் சொல்லலாம். நடவடிக்கை என்ன என்று தகவல் அறியும் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். பொதுத்தொல்லையாகிவிட்டால், நீக்க உத்தரவிடும் அதிகாரம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் கோட்டாட்சியருக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவுதான் அது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கடைசி வழி. அங்கே பொதுவாக ஆறு மாதக் காலவரம்பு உண்டு என்பதை மறக்காதீர்கள்.

உங்கள் தம்பி கன்னியக்கோயிலில் மனை வாங்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது புதுச்சேரி எல்லை. அங்கே பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தும் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமமும்தான் பதில் சொல்ல வேண்டியவை. மேலே சொன்ன 1974 நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 2024 திருத்தம் யூனியன் பிரதேசங்களுக்கு முதலிலேயே பொருந்திவிட்டது. சிறைத்தண்டனைக்குப் பதிலாக, பெரும்பாலான மீறல்களுக்கு 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்று அது மாற்றியிருக்கிறது.

தூர்வாரச் சொல்லும் மனுவை ஆடியிலேயே கொடுங்கள். ஐப்பசியில் கொடுத்தால் அவசர வேலையாக மேலே மட்டும் அள்ளுவார்கள். அள்ளிய வண்டலை வடிகால் கரையிலேயே குவித்துவிட்டுப் போவது வழக்கம். ஈரம் வடிய இரண்டு நாள் விடலாம், அதற்கு மேல் கிடந்தால் முதல் மழையே அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். அதனால் வண்டலை ஏற்றிப்போகும் வண்டியையும் அந்த மனுவிலேயே சேர்த்துக் கேளுங்கள்.